கையெழுத்து ஒன்று, பாட்டுக்கு உரியவர்கள் நால்வர்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், இசைக்குழுவின் பெயர் மூன்றையும் மறைத்துச் சுருக்கித் தருகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது, இரண்டு ஆண்டு மூத்த மாணவர் ஒருவர் தொடங்கிய பாப் பங்க் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க இவர் சேர்ந்தார். அந்த மூத்தவர்தான் பாடகர். ரிதம் கிட்டாரும் அவரே. லீட் கிட்டாரும் டிரம்ஸும் வாசித்த மற்ற இருவர் தேவாலயப் பாடற்குழுவில் கை பழகியவர்கள். பாடகர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெங்கும் ஒட்டிய முட்டை அட்டைகள், அதற்குள் வேர்த்து விறுவிறுத்து ஒத்திகை. கல்லூரி விழாக்களில் 15,000 முதல் 25,000 ரூபாய் வரை வாங்கி, வேன் வாடகையும் பரோட்டாக் கடைச் செலவும் போக மிஞ்சியதை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். சொந்தப் பாடல்கள் பதினொன்று. வரிகள் எல்லாம் வாசகி எழுதியவை. மெட்டு பாடகரும் லீட் கிட்டார் கலைஞரும் சேர்ந்து போட்டவை. நாகர்கோவிலில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நால்வரும் ஆளுக்கு 4,500 ரூபாய் போட்டு ஏழு பாடல்களைப் பதிவு செய்தார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிரம்மர் தோகாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு, அவர் வாசித்துப் பதிவான பாடல் ஒன்று, ஊர்ப் பேருந்து நிலையத்தில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட ஒருத்தியைப் பற்றியது, யூடியூபில் ஆறு லட்சம் பார்வைகளைக் கடந்தது. சென்னை இசை நிறுவனம் ஒன்று 14 பக்க ஆங்கில ஒப்பந்தத்தை ஒரு வியாழக்கிழமை அனுப்பி, திங்கட்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்டது. முன்பணம் இரண்டு லட்சம், மூன்று ஆல்பங்கள், கையெழுத்துப் போட வேண்டியவர் பாடகர் ஒருவர் மட்டும். "ஒரு கையெழுத்து போதும்ணு சொல்றாங்க, உங்க பங்கை நான் தந்துருவேன்" என்கிறார் பாடகர். வீட்டிலோ, திருவனந்தபுரத்தில் கிடைத்திருக்கும் மென்பொருள் வேலையில் சேரச் சொல்கிறார்கள். எழுதிக்கொண்ட உடன்பாடு எதுவும் இல்லாததால் தமக்கு எந்த உரிமையும் இல்லையா, பாடகர் மட்டும் கையெழுத்திடலாமா, இப்போது பங்கு கேட்கும் டிரம்மருக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா, வேலையில் சேர்ந்தால் பாடல்களை இழந்துவிடுவேனா என்பன வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, யாரும் கையெழுத்திட வேண்டாம், இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். நிறுவனமும் மறுபேச்சின்றி அவகாசம் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை என்ற கெடு எவ்வளவு மெய்யானது என்பது அதிலேயே தெரிகிறது.

இந்த இசை எனக்குப் புதிது என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் அலுவலக ஜூனியர் ஒரு மாலை முழுவதும் உட்கார வைத்துக் கேட்க வைத்தார். மூன்று நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), ஓடுகிற டிரம்ஸ், நெஞ்சைத் திறந்து கத்துகிற பல்லவி. ஊரை விட்டுப் போகத் துடிப்பதும் போன பிறகு அந்த ஊரையே நினைத்துக்கொண்டிருப்பதும் பாட்டின் பொருள். இதன் பெரிய இசைக்குழுக்களில் பலவும் பெருநகரத்தில் பிறந்தவையல்ல என்றும் அவர் சொன்னார். கிரீன் டேயின் இளைஞர்கள் கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்து ஊரான ரோடியோவிலிருந்து வந்தவர்கள். பிளிங்க்-182 பவேயில் தோன்றியது. பாராமோர் டென்னஸி மாநிலத்து ஃபிராங்க்ளினில் உருவானது. எ டே டு ரிமெம்பர் ஃபுளோரிடாவின் ஒகாலாவில் தொடங்கியது. வழக்கறிஞர் என்ற முறையில் எனக்குச் சுவையாகப் பட்டது இவற்றின் இசையைவிட இவற்றின் வழக்குகளும் பிணக்குகளும்தான். அவற்றில் சில உங்கள் கடிதத்துக்கு மிக அருகில் இருக்கின்றன.

நிறுவனம் நல்லதா கெட்டதா என்று கடிதத்தில் மூன்று இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். அது இரண்டாவது கேள்வி. அந்தப் பதினொரு பாடல்களில் எது யாருடையது என்று நீங்கள் நால்வரும் உங்களுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. அதை எழுதாமல் எந்த நிறுவனத்தோடு கையெழுத்திட்டாலும், அது எவ்வளவு நேர்மையான நிறுவனமாக இருந்தாலும், சிக்கல் உங்கள் மொட்டை மாடியிலிருந்துதான் கிளம்பும்.

எழுதிக்கொள்ளாததால் உரிமை போய்விடாது

"எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, ஆகவே எனக்கு எந்தக் காப்புரிமையும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் சொல்லைத் திருத்திக்கொள்வோம்: காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு, பாடலுக்கு உரியது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிகள் தாளில் இறங்கிய நொடியிலேயே அவற்றின் உரிமை எழுதியவருக்குப் பிறந்துவிடுகிறது. அதற்குப் பதிவும் தேவையில்லை, உடன்பாடும் தேவையில்லை. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு உங்கள் வாரிசுகளிடம் 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். உங்களுக்கு நீங்களே விலாசமிட்டு வரிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, அது உரிமையை உண்டாக்குவதில்லை. அந்தத் தேதியில் இப்படி ஓர் உறை அஞ்சலில் போனது என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லாது. அதைவிட, படம் எடுத்து அனுப்பியிருக்கும் கோடு போடாத நீள நோட்டுப் பக்கம் எனக்கு வலுவாகத் தெரிகிறது: பல்லவியில் "கடைசி வண்டி" என்பதை அடித்துவிட்டு "ஒன்பதரை வண்டி" என்று எழுதி, அதையும் அடித்துப் பழையதையே மறுபடி எழுதியிருக்கிறீர்கள், ஓரத்தில் தேதி, அன்றிரவே குழுவின் வாட்ஸ்ஆப்பில் அதே வரிகளைப் பாடி அனுப்பிய குரல் பதிவு. நாளை ஒரு தகராறு என்று வந்தால் இந்த அடித்தல் திருத்தல்கள் உங்களுக்காகப் பேசும். ஆனாலும் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே பதிவு செய்துகொள்ளுங்கள். வரிக்கோ மெட்டுக்கோ ஒரு படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். பதிவு கட்டாயமில்லை, ஆனால் நீதிமன்றத்தில் முதல் நோக்கில் சான்றாக ஏற்கப்படும்.

ஒரு பாட்டு என்று நாம் சொல்வதைச் சட்டம் மூன்று பொருள்களாகப் பார்க்கிறது என்பதை உங்கள் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வரிகள் இலக்கியப் படைப்பு, அது உங்களுடையது. மெட்டு இசைப் படைப்பு; அதில் சொற்கள் சேராது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பாடகருக்கும் லீட் கிட்டார் கலைஞருக்கும் கூட்டாகச் சேர்ந்தது. உலகமே வாசிக்கிற நான்கு கார்டு வரிசைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது; அதன் மேல் ஏறும் குரல் மெட்டும், பாட்டைத் தொடங்கி வைக்கும் அந்தக் கிட்டார் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு)தான் சொத்து. மூன்றாவது, ஒலிப்பதிவு. தொழிலில் "மாஸ்டர்" என்று சொல்வது இதைத்தான். பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர் அதன் தயாரிப்பாளர், அவரே அதன் ஆசிரியர் என்கிறது சட்டம். ஆளுக்கு 4,500 ரூபாய் போட்டு, தேதி பேசி, கூடவே நின்று பதிவு செய்த நால்வரும் அந்த ஏழு பாடல்களின் மாஸ்டருக்குக் கூட்டு உரிமையாளர்கள் என்றே நான் வாதாடுவேன்.

ஒரே கையெழுத்து என்பதன் பொருள்

ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாராமோரின் கதையைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. 2003-இல் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டது பாடகியான ஹேலி வில்லியம்ஸுடன் மட்டும். அப்போது அவர் பதின்ம வயதுச் சிறுமி. தனிப் பாடகியாக அவரைக் கொண்டுவர நிறுவனம் நினைத்தது. நண்பர்களோடு குழுவாகவே பாடுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால்தான் குழு நிலைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தாளில் இருந்தது ஒரே பெயர். 2010-இன் இறுதியில் குழுவின் தொடக்கக் கால உறுப்பினர்களான ஃபாரோ சகோதரர்கள் இருவரும் கசப்போடு வெளியேறினார்கள். 2015-இல் விலகிய பேஸ் கலைஞர் ஜெரமி டேவிஸ், தாம் அந்தத் தொழிலில் பங்குதாரர், வருமானத்தில் பங்கு வேண்டும் என்றார். மறுதரப்போ அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்றது. 2017-இல் சமரசத்தில் முடியும்வரை அந்த வழக்கு நடந்தது. பங்குதாரரா, சம்பளக்காரரா? பேஸ் வாசிக்கும் உங்களிடம் இதே கேள்வி வராது என்று சொல்ல முடியாது.

நம் சட்டத்தில் உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, சிலர் சேர்ந்து தொழில் நடத்தி அதன் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டிருந்தால் அது கூட்டாண்மை. அந்த உடன்பாடு வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். எட்டு ஆண்டுகள் சமமாகப் பிரித்துக்கொண்ட ஜிபே வரவுகளும், "வேனுக்கு 3,200 போக ஆளுக்கு 2,950" என்று நீங்கள் குழுவில் போட்ட கணக்கும் அதற்குச் சான்று. ஆனால் பதிவு செய்யப்படாத கூட்டாண்மைக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஒப்பந்த உரிமையைக் கேட்டு வெளியார் மீதோ, பங்குதாரர்கள் ஒருவர் மீது ஒருவரோ வழக்குப் போடுவதைச் சட்டம் பெருமளவு தடுத்துவிடுகிறது. கூட்டாண்மையைக் கலைக்கவும் கலைந்ததன் கணக்கைக் கேட்கவும் மட்டுமே வழி விடுகிறது. ஆகவே "வாய்ப்பேச்சே போதும்" என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி, பாடகர் தனியே கையெழுத்திட்டால் பாதிக்கப்படப் போவது நீங்கள் மட்டும்தான் என்ற உங்கள் அனுமானத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவை உங்கள் பாடகர் படித்தாரா? பாடல்களின் வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய அனைத்தும் தமக்கு மட்டுமே உரியவை என்றும், வேறு எவருக்கும் அவற்றில் பங்கில்லை என்றும் அவர் உறுதி தருகிறார். அந்த உறுதி பொய்யானால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பையும் வழக்குச் செலவையும் தம் கையிலிருந்து ஈடு செய்கிறார். வரிகள் உங்களுடையவை, நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் அவற்றை யாரும் நிறுவனத்துக்கு ஒப்படைக்க முடியாது. மாஸ்டரில் நால்வருக்கும் பங்கு. தம்மிடம் இல்லாததைக் கொடுப்பதாக எழுதித் தருகிறவர் நாளை மாட்டிக்கொள்வார். இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு அவர் ஏற்கப்போகும் பொறுப்புக்கு உச்சவரம்பே அந்தத் தாளில் இல்லை.

இந்தச் செய்தியை அவரிடம் கொண்டுபோவது உங்கள் கையில் இருக்கிறது. "அண்ணனிடம் எப்படிக் கணக்குக் கேட்பது, எட்டு வருஷப் பழக்கம் போய்விடுமே" என்று எழுதியிருக்கிறீர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இருந்தாலும் நீங்கள் கணக்குக் கேட்பவராகப் போகவே வேண்டாம். 11-ஆவது பிரிவைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "அண்ணா, இதில் நீங்கள் மட்டும் மாட்டிக்கொள்கிறீர்கள், நாங்களும் கையெழுத்துப் போட்டால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு" என்பது உண்மையும்கூட.

தோகாவில் இருப்பவர்

டிரம்மரைப் பற்றிய பத்தியில் உங்கள் கோபம் தெரிகிறது. "நான் வரலடே, நீங்க பாத்துக்கோங்க" என்று குழுவில் ஒரே வரி எழுதிவிட்டுப் போனவர், பாட்டு ஓடியதும் பங்கு கேட்கிறார் என்கிறீர்கள். விலகியவருக்கு எதுவும் கிடையாது என்பது சரியல்ல. அவர் இருந்த காலத்தில் பதிவான ஏழு பாடல்களின் மாஸ்டரில் அவருடைய பணமும் உழைப்பும் இருக்கின்றன. வாசித்த கலைஞர் என்ற முறையில் தனி உரிமையும் இருக்கிறது. பங்குதாரர் ஒருவர் கணக்குத் தீர்க்கப்படாமல் விலகி, மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், கூட்டாண்மைச் சொத்தில் அவருக்குள்ள பங்கைப் பயன்படுத்தி வந்த லாபத்தையோ, அந்தப் பங்கின் மதிப்புக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ அவர் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம் என்கிறது கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு. அவர் போன பிறகு உருவான நான்கு பாடல்களிலும், இனி நடக்கும் கச்சேரிகளிலும் அவருக்குப் பங்கில்லை. மெட்டிலும், டிரம்ஸ் வாசித்ததால் மட்டும் அவருக்குப் பங்கு வந்துவிடாது. இந்த எல்லையை வரைந்து காட்டினால் அவர் கேட்பது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஒரு தொகை பேசி, அல்லது அந்த ஏழு பாடல்களின் மாஸ்டர் வருமானத்தில் ஒரு சதவீதம் பேசி, எழுதி வாங்கிவிடுங்கள். அவருடைய கையெழுத்து இல்லாமல் அந்த ஆறு லட்சப் பார்வைப் பாட்டை யாருக்கும் சுத்தமாக விற்க முடியாது.

ஒப்பந்தத்தில் என் பேனா நின்ற இடங்கள்

பதினான்கு பக்கங்களையும் வரி வரியாகச் சொல்லப் போவதில்லை. நான்கு இடங்கள் போதும்.

முன்பணம். இரண்டு லட்சத்தை நீங்கள் விலை என்று நினைத்துவிட்டீர்கள். அது கடன் மாதிரி. உங்கள் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளப்படுவது. 6-ஆவது பிரிவில் முன்பணத்தோடு ஒலிப்பதிவுச் செலவு, வீடியோச் செலவு எல்லாமே உங்கள் 20 சதவீதப் பங்கில் கழியும் என்றிருக்கிறது. பதிவுக்கு மூன்று லட்சம், இரண்டு வீடியோவுக்கு நான்கு லட்சம் ஆனதென்று வையுங்கள். முன்பணத்தோடு ஒன்பது லட்சம். வருமானம் 45 லட்சத்தைத் தொடும்போதுதான் அதில் 20 சதவீதம் ஒன்பது லட்சமாகும். அதாவது உங்கள் பாடல்கள் 45 லட்சம் சம்பாதிக்கும்வரை உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. அதில் 36 லட்சம் நிறுவனத்திடம் போயிருக்கும், போட்ட ஒன்பது லட்சமும் அவர்களுக்குத் திரும்பியிருக்கும். வீடியோச் செலவில் பாதியை மட்டும் கழிக்கக் கேளுங்கள், செலவுக்கு உங்கள் முன் ஒப்புதல் வேண்டும் என்று கேளுங்கள். இவை பேசினால் கிடைக்கக்கூடியவை.

காலமும் எல்லையும். எந்த உரிமை ஒப்படைப்பும் ஐந்து ஆண்டில் தானாக முடிந்துவிடும் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அரைகுறையான செய்தி அது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால்தான் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால்தான் இந்தியா மட்டும். உங்கள் தாளில் "உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும்" என்று தெளிவாக இருக்கிறது. ஆகவே அந்தச் சட்டப் பாதுகாப்பு உங்களுக்கு உதவாது. முழு ஒப்படைப்புக்குப் பதிலாக ஏழு அல்லது பத்து ஆண்டு உரிமம் தருவதாகப் பேசுங்கள். கணக்கும் பணமும் தராமல் குறிப்பிட்ட காலம் கடந்தால் மாஸ்டர் உங்களிடமே திரும்ப வேண்டும் என்ற வாசகம் அவசியம். கிரீன் டே தங்கள் தொடக்கக் கால ஆல்பங்களை வெளியிட்ட பெர்க்லியின் லுக்அவுட் நிறுவனம் ராயல்டி (வருமானத்தில் படைத்தவருக்குரிய பங்கு) பாக்கி வைத்தபோது, 2005-இல் அவற்றை அந்த நிறுவனத்திடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உலகப் புகழ் வந்த பிறகும் பதினான்கு பதினைந்து ஆண்டு பழைய பாடல்கள் சொந்தக் கைக்குத் திரும்பியது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று ஆல்பங்கள். மூன்று ஆண்டுகள் என்று நீங்கள் வாசித்துவிட்டீர்கள், அப்படி இல்லை. "நிறுவனம் ஏற்கத்தக்க" மூன்று ஆல்பங்களைக் கொடுத்து முடிக்கும்வரை வேறு யாருக்கும் பாடக்கூடாது. ஏற்கத்தக்கதா என்று சொல்பவர் நிறுவனம் என்றால், முடிவு எப்போதும் அவர்கள் கையில். ஒகாலாவின் எ டே டு ரிமெம்பர் குழுவும் சிகாகோவின் விக்டரி ரெக்கார்ட்ஸும் ஐந்து ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தன. ஐந்தும் கொடுத்து முடித்துவிட்டோம் என்றது குழு. கொடுத்தவற்றில் சில கணக்கில் சேராது என்றது நிறுவனம். 2011-இல் தொடங்கிய வழக்கில், புதிய ஆல்பத்தைக் குழு தானே வெளியிடுவதைத் தடுக்க 2013 அக்டோபரில் நீதிமன்றம் மறுத்தது. சில நாட்களில் அது வெளிவந்தது. 2016-இல் இசைக்குழுவுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் வழங்க ஜூரி தீர்ப்பளித்தது. வென்றார்கள்தான், ஐந்து ஆண்டு கழித்து, அத்தனை காலம் வழக்குச் செலவைத் தாங்க முடிந்ததால். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஆல்பம் என்றால் எத்தனை பாட்டு, எத்தனை நிமிடம், கொடுத்து 30 நாளில் மறுப்பு வராவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும், எப்படியிருந்தாலும் நான்கு ஆண்டில் ஒப்பந்தம் முடியும் என்று எழுத வையுங்கள். முடிந்த பிறகும் புதிய வாய்ப்பு எது வந்தாலும் முதலில் தங்களிடம் கொண்டுவர வேண்டும் என்று 13-ஆவது பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் பெர்செப்ட் டிமார்க் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் இப்படிக் கட்டிப்போடுவது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுக்கு முரணானது என்ற நிலையையே எடுத்தது. அதைச் சுட்டிக்காட்டி நீக்கச் சொல்லுங்கள்.

ராயல்டியை விட்டுக்கொடுத்தல். வரிக்கும் மெட்டுக்கும் உரிய எல்லா ராயல்டியையும் கைவிடுவதாக 8-ஆவது பிரிவு சொல்கிறது. இங்கே நிம்மதியாக இருங்கள். 2012-இல் திருத்தப்பட்ட சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையைக் கைவிடவே முடியாது, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் கொடுக்கவும் முடியாது என்கிறது. கையெழுத்திட்டாலும் அந்த வாசகம் செல்லாது. ஆனால் உரிமை தானாக வீட்டுக்குப் பணம் கொண்டுவராது. நீங்கள் பாடலாசிரியராகவும் மற்ற இருவர் இசையமைப்பாளர்களாகவும் ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலின் பங்கு விகிதத்தையும் பதிவு செய்யுங்கள். அந்த விகிதத்தை எழுதவே முதலில் உங்களுக்குள் உடன்பாடு வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

பெயர் யாருக்கு

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில், ஒரு மெல்லிசைக் குழு இரண்டாகப் பிரிந்தது. ஆடி மாதம் அம்மன் கோயில் கொடைகளில் ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் மேடையேறின. ஒன்று பெயருக்கு முன்னால் "ஒரிஜினல்" என்று சேர்த்துக்கொண்டது, அடுத்த வாரமே மற்றதும் சேர்த்துக்கொண்டது. சண்டை பாட்டுக்காக இல்லை, வேனில் எழுதியிருந்த பெயருக்காக. பிளிங்க் என்று தொடங்கிய கலிஃபோர்னியக் குழு, அதே பெயரில் அயர்லாந்தில் முன்பே ஒரு குழு இருந்ததால்தான் பின்னால் 182-ஐ ஒட்டிக்கொண்டது.

உங்கள் பெயரை வணிகக் குறியாக, கேளிக்கைச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் பதிவு செய்யுங்கள்; இணையத்தில் தனிநபர் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 4,500 ரூபாய். யார் பெயரில் என்பதுதான் முக்கியம். பாடகர் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரிலும் வேண்டாம். கூட்டாண்மையின் பங்குதாரர்கள் எல்லோர் பெயரிலும் இருக்கட்டும். யூடியூப் சேனல் இன்று பாடகரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது, வருமானமும் அவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அவர் ஏமாற்றுகிறார் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிராண்ட் அக்கவுன்ட்டாக மாற்றி, இன்னொருவரையும் உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல் தொலைந்தாலும் உங்கள் எட்டு ஆண்டு தொலையாது.

வேலையும் பாட்டும்

வேலையில் சேருங்கள், சேராதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன்: நீங்கள் திருவனந்தபுரம் போனாலும், நாளை குழுவை விட்டே விலகினாலும், வரிகள் உங்களோடுதான் வரும். குழு அவற்றைத் தொடர்ந்து பாடலாம் என்று உடன்பாட்டில் நீங்கள் அனுமதி தரலாம், தரவும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நிறுவனத்தின் 4-ஆவது பிரிவு, கையெழுத்திட்ட கலைஞர் ஆண்டுக்கு 60 நாள் விளம்பரப் பணிக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. புதிய வேலையில் அத்தனை விடுப்பு யாரும் தரமாட்டார்கள். எனவே நீங்களும் கையெழுத்திடுவதானால், பாடலாசிரியராக மட்டும் ஒரு தனி ஒப்பந்தத்தில் இடுங்கள். மேடைக் கலைஞருக்குரிய கடமைகள் உங்களைத் தொடாமல் இருக்கட்டும். வேலை நியமன ஆணையையும் படித்துப் பாருங்கள். பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பரந்த வாசகம் இருந்தால், அலுவல் நேரத்துக்கு வெளியே எழுதும் பாடல்களுக்கு விலக்கு வேண்டும் என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு இப்போது அனுப்ப வேண்டிய பதில் மூன்றே வரி: குழுவுக்குள் உரிமை விவரங்களை எழுதி முடித்துவிட்டு, எல்லோருடைய பெயரிலும் திருத்தங்களை அனுப்புகிறோம், அதுவரை எதையும் ஒப்புக்கொண்டதாகக் கருத வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் யாரும் "ஓகே சார்" என்று போட்டுவிடாதீர்கள். நடுவில் ஒரு ஓகே விழுந்துவிட்டால் பிறகு அதை வைத்து வாதாடுவார்கள். உங்களுக்குள் எழுதும் உடன்பாட்டுக்கு இரண்டு பக்கம் போதும்: பதினொரு பாடல்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் வரி, மெட்டு, மாஸ்டர் யார் யாருக்கு எத்தனை சதவீதம், கச்சேரிப் பணம் எப்படிப் பிரியும், பெயர் யாருக்கு, ஒருவர் விலகினால் என்ன. வரைவை எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். தோகாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மூவரும் அந்தத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அவரையும் வீடியோ அழைப்பில் கூப்பிடுங்கள். பட்டியலில் அவர் பெயர் வர வேண்டிய ஏழு இடங்களை முதலில் வாசித்துக் காட்டுங்கள்.